நாற்பது கேபி வேலைக்கு நாற்பதாயிரம் ரூபாயா?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே எங்கள் பக்கம் எந்தக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாலும் ஒரே பாட்டுதான். "இது பழைய மாடல் சார், லெவன் ஏறாது. இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட்டு. புதுசா ஒண்ணு எடுத்துடுங்க."

சொல்கிறவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அப்படித்தான் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த வாக்கியத்துக்குள் மூன்று பொய்கள் இருக்கின்றன. வயதானால் கணினி மெதுவாகிவிடும் என்பது முதல் பொய். புது விண்டோஸ் ஏறாததற்குக் காரணம் நம் கணினியின் இயலாமை என்பது இரண்டாவது. விண்டோஸ் ஏறாத கணினிக்கு வேறு கதியே கிடையாது என்பது மூன்றாவது. நகரத்தில் மாதச் சம்பளம் வாங்குகிறவனுக்கு இந்தப் பொய்கள் ஒரு இ.எம்.ஐ.யோடு போய்விடும். சேவூரில் அது ஒரு குடும்பத்தின் தொழில் முதலைத் தின்றுவிடுகிறது. இந்தக் கட்டுரையின் கோபம் அதனால்தான்.

சேவூரில் கணினி என்ன செய்கிறது?

ஆரணியை ஒட்டி, பட்டுத்தறி ஓடும் ஊர் சேவூர். ஆரணிப் பட்டு என்று ஜவுளிக்கடைகளில் விற்கிற புடவைகளில் இந்த ஊர்க் கைகளுக்கும் பங்கு உண்டு. வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாத விஷயம், இங்கே கணினியும் ஒரு நெசவுக் கருவி என்பது. பார்டரில் மயில் வரணும், முந்தியில் மாங்காய் வரணும் என்றால் தறியின் தலைமேல் உள்ள ஜக்கார்டு பெட்டிக்கு எந்த இழையைத் தூக்குவது என்று யாராவது சொல்லித்தரவேண்டும். முன்பு கட்டத்தாளில் ஒவ்வொரு கட்டமாக வண்ணம் தீட்டி, அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை அடிப்பார்கள். இப்போது கட்டத்தாளின் இடத்தில் மானிட்டர் இருக்கிறது. அட்டை போட்டு ஓட்டும் தறியும் உண்டு. பென்டிரைவில் கோப்பைக் கொண்டுபோய்ச் செருகினால் போதும் என்கிற எலக்ட்ரானிக் ஜக்கார்டும் உண்டு.

இந்த வேலைக்கு எவ்வளவு கணினி வேண்டும்? கணக்குப் போடலாம். 400 கொக்கி உள்ள ஒரு ஜக்கார்டு. டிசைன் ஒரு சுற்று முடிய 800 ஊடை ஓடவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஊடைக்கு ஒரு அட்டை வீதம் 800 அட்டை. 400ஐ 800ஆல் பெருக்கினால் 3,20,000 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் இருப்பது ஒரே கேள்விதான்: இந்த ஊடை ஓடும்போது இந்தக் கொக்கி எழும்பணுமா, வேண்டாமா? ஆம் அல்லது இல்லை. ஒரு பிட். 3,20,000 பிட் என்றால் 40,000 பைட். நாற்பது கேபி.

காலையில் வாட்ஸ்அப்பில் வருகிற ரோஜாப்பூ ‘குட் மார்னிங்' படம் பெரும்பாலும் இதைவிடப் பெரிசாக இருக்கும். திருத்துகிற வசதிக்காகப் பல வண்ணத்தில், பல அடுக்குகளாக வைத்துக்கொண்டாலும் சில எம்பியைத் தாண்டாது. கொக்கியை இரண்டு மடங்கு, நான்கு மடங்கு ஆக்கிப் பாருங்கள். அப்போதும் பத்து வருடத்துக்கு முந்தைய கணினி வியர்க்காது. இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும் இயந்திரத்தைத்தான் "இது தாங்காது" என்கிறார்கள். மானிட்டரோடு சேர்த்து நாற்பதாயிரத்தை ஒட்டி ஒரு விலைப்பட்டியலையும் நீட்டுகிறார்கள்.

முதல் பொய்: வயசாயிடுச்சு

சிலிக்கானுக்கு மூட்டுவலி வராது. 2014இல் நொடிக்கு 330 கோடித் துடிப்பு துடித்த ஒரு நான்காம் தலைமுறை ஐ5 சிப், இன்றும் அதே 330 கோடி துடிக்கும். பிறகு ஏன் ஆன் செய்துவிட்டு டீ குடித்துவிட்டு வரவேண்டியிருக்கிறது?

பெரும்பாலும் காரணம் ஹார்டு டிஸ்க். அது சுழலும் தட்டு. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிற தட்டில், வேண்டிய தகவல் ஊசிக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச்சுற்று ஆகும், அதாவது 4 மில்லிசெகண்டுக்குச் சற்று மேல். ஊசி இடம் மாறும் நேரத்தையும் சேர்த்தால், சிதறிக்கிடக்கும் சின்னச் சின்னத் தகவல்களை நொடிக்கு நூறு தடவை எடுப்பதே அதற்குப் பெரும்பாடு. இன்றைய விண்டோஸோ ஆன் ஆனதும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கேட்கிறது. அப்டேட் ஒரு பக்கம், ஆன்டிவைரஸ் ஒரு பக்கம், உளவு அனுப்புவது இன்னொரு பக்கம். பிராசசர் சும்மா உட்கார்ந்திருக்கும், ஹார்டு டிஸ்க் மூச்சுவாங்கும். நீங்கள் பார்ப்பது கியூ நிற்பதை.

எஸ்எஸ்டியில் சுழலும் தட்டே கிடையாது. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி, அதே மாதிரிச் சிறு கோரிக்கைகளை நொடிக்குப் பல்லாயிரம் எடுத்துக் கொடுக்கும். பழைய ஹார்டு டிஸ்கின் கேபிள்களையே இதிலும் செருகலாம். ஒரு ஸ்க்ரூடிரைவர், அரைமணி நேரம். அவ்வளவுதான் மேட்டர்.

அடுத்தது ரேம். 4 ஜிபி உள்ள கணினியில் பிரவுசரில் ஐந்தாறு டேப் திறந்தால், இடம் போதாமல் டிஸ்கில் எழுதி எழுதி எடுக்கும். 8 ஜிபி ஆக்குங்கள், சண்டை தீர்ந்தது. பழைய டிடிஆர்3 ரேம் சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாகவே கிடைக்கிறது. மூன்றாவதாகச் சுத்தம். சேவூர் மாதிரி இழைத்தூசி பறக்கும் ஊரில் பிராசசர் விசிறியைத் திறந்து பாருங்கள், உள்ளே ஒரு சின்னத் தலையணையே இருக்கும். சூடு ஏறினால் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தூசியைத் தட்டி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினால் அந்த வேகம் திரும்பிவிடும். தினமும் தேதி, நேரம் தப்பாகக் காட்டுகிறதா? மதர்போர்டில் ஒரு நாணயம் அளவு பேட்டரி இருக்கிறது, சிஆர்2032. அதை மாற்றினால் சரியாகிவிடும். "போர்டு போச்சு" என்று தூக்கிப் போடப்பட்ட கணினிகளில் சிலதுக்கு இந்த வைத்தியமே போதும்.

இந்த வரிசையில்தான் செலவு செய்யவேண்டும்: எஸ்எஸ்டி, ரேம், சுத்தம், நல்ல யூ.பி.எஸ். புது பிராசசர் பட்டியலில் கடைசி. கிராஃபிக்ஸ் கார்டு இந்தத் தொழிலின் பட்டியலிலேயே கிடையாது. யூடியூபில் வண்ண விளக்கு எரியும் கேபினட்டுக்கு முன்னால் நின்று "வேற லெவல் பெர்ஃபார்மன்ஸ் மக்களே" என்று கத்துகிற தம்பிகள் தருவது விளையாட்டுக்கான அளவுகோல். ஒரு விளையாட்டில் நொடிக்கு 90 படம் ஓடுகிறதா 140 ஓடுகிறதா என்ற கேள்விக்கும், மயில் கழுத்தில் ஒரு இழை தள்ளிவிட்டதா என்ற கேள்விக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் வாங்கப் போகிறவர் பார்த்துவிட்டுப் போவது அந்த வீடியோவைத்தான்.

இதில் அவசரமும் உண்டு. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் உலகத்து மெமரி சிப்களை வாரிக்கொண்டிருக்கின்றன. 2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், சாதாரண நுகர்வோருக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த ‘குரூஷியல்' வணிகத்தையே மூடப்போவதாக அறிவித்தது. நம்மைப்போன்றவர்கள் இனி அவர்களுக்கு முக்கியமான வாடிக்கையாளர்கள் இல்லை. இருக்கிற இயந்திரத்தைப் பராமரிக்கிற அறிவு இனிமேல்தான் அதிகம் தேவைப்படும்.

இரண்டாவது பொய்: உங்கள் கணினியால் முடியாது

விண்டோஸ் 11 வந்தது 2021 அக்டோபரில். 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குமேல். இவைதான் முக்கிய நிபந்தனைகள். பாதுகாப்புக்காக என்றார்கள். அந்த வாதத்தை நான் முழுசாக ஒதுக்கமாட்டேன். வன்பொருளின் துணையோடு இயங்குதளத்தின் மையத்தைத் தனிமைப்படுத்துவது நல்ல தொழில்நுட்பம்தான். ஆனால் கோடு எங்கே போடப்பட்டது என்று பாருங்கள்.

அந்தத் தனிமைப்படுத்தலை வேகக்குறைவு இல்லாமல் செய்ய உதவும் வசதி இன்டெல்லின் ஏழாம் தலைமுறையிலேயே வந்துவிட்டது. டி.பி.எம். 2.0 வேலையைச் செய்யும் வசதியும் அந்தச் சிப்களில் உண்டு. ஆனாலும் ஏழாம் தலைமுறைக்குக் கதவு சாத்தப்பட்டது. பிறகு ஒன்றிரண்டு விதிவிலக்குகள் வந்தன. அதில் ஒன்று ஐ7-7820எச்கியூ. அது என்ன அவ்வளவு விசேஷம்? மைக்ரோசாஃப்ட்டே விற்ற ‘சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2' கணினியில் இருந்தது அந்தச் சிப். தன் கடைச் சரக்கு என்றால் ஏழு பாஸ், ஊரான் சரக்கு என்றால் ஏழு ஃபெயில்.

இன்னொன்று. விண்டோஸ் 10க்குத் திருத்தம் எழுதுவதையே அவர்கள் நிறுத்திவிட்டார்களா? இல்லவே இல்லை. கியோஸ்க், மருத்துவக் கருவி மாதிரியான இயந்திரங்களுக்காக ‘விண்டோஸ் 10 ஐ.ஓ.டி. எண்டர்பிரைஸ் எல்.டி.எஸ்.சி. 2021' என்றொரு பதிப்பு இருக்கிறது. அதற்கு 2032 ஜனவரி வரை பாதுகாப்புத் திருத்தம் உண்டு. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பு என்றார்கள். 30 டாலர் கட்டு, இல்லையென்றால் உன் கணினியின் அமைப்புகளை எங்கள் மேகத்தில் ஏற்று, அதுவும் இல்லையென்றால் எங்கள் ரிவார்டு புள்ளியில் ஆயிரத்தைக் கொடு. ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் சண்டை போட்டன. அங்கே அந்த நிபந்தனைகள் இல்லாமலே கொடுத்தார்கள். ஆக, திருத்தம் எழுதப்படுகிறது. யாருக்குக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. அது பொறியியல் கேள்வி கிடையாது, வியாபாரக் கேள்வி.

வன்பொருள் கம்பெனிகளும் உத்தமர்கள் இல்லை. 2017இல் இன்டெல் தன் எட்டாம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்களை வெளியிட்டபோது, சாக்கெட் அதே எல்.ஜி.ஏ. 1151. ஆறாம், ஏழாம் தலைமுறை மதர்போர்டுகளில் இருந்த அதே பெயர், அதே எண்ணிக்கையில் ஊசிகள். ஆனால் பழைய போர்டில் புதுச் சிப் வேலை செய்யாது, புது போர்டும் வாங்கணும் என்றார்கள். மின்னிணைப்பு மாற்றங்கள் காரணம் என்றார்கள். ஆர்வலர்கள் சிலர் பயாஸைத் திருத்தி, ஓரிரு ஊசிகளை மறைத்து, பழைய போர்டில் எட்டாம் தலைமுறைச் சிப்பை ஓட்டியே காட்டினார்கள். அந்தக் கதவு திறந்திருந்தால், ஆறாம் தலைமுறைக் கணினி வைத்திருந்த ஒருவர் சிப்பை மட்டும் மாற்றி, நான்கு வருடம் கழித்து விண்டோஸ் 11இன் கோட்டையும் தாண்டியிருப்பார். இரண்டு கம்பெனிகள் இரண்டு வேறு வருடங்களில் போட்ட பூட்டுகள், ஒரே வீட்டின் வாசலில் வந்து மாட்டிக்கொண்டன. வேறு வழியில்லாமல் இப்படி நடந்தது என்று யாரும் சொல்லமுடியாது. ஏ.எம்.டி. தன் ஏ.எம்.4 சாக்கெட்டுக்கு 2016 முதல் 2025 வரை புதுச் சிப்களைக் கொண்டுவந்துகொண்டே இருந்தது.

கடைசியாக ஒரு வேடிக்கை. "லெவன் ஏறாது" என்று சொல்கிற கடையிலேயே கொஞ்சம் காசு அதிகம் கொடுத்தால் சோதனையைத் தாண்டி ஏற்றித் தருகிறார்கள். அது ஓடவும் ஓடுகிறது! ஆதரவு இல்லாத இயந்திரம் என்பதால் நாளை அப்டேட் வருமா வராதா என்ற நிச்சயம் இல்லை, அதனால் தொழில் கணினிக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஆனால் ‘முடியாது' என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல மறுப்பு எதுவும் இல்லை. முடியாது என்று சொன்னது சிப் இல்லை.

தறி எப்படி அப்கிரேடு ஆனது?

அப்கிரேடு என்ற சொல்லுக்குப் பொருள் தெரியணும் என்றால் கணினிக் கடையைவிடத் தறிக்குழியில் நல்ல பாடம் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தின் கைத்தறியை மேம்படுத்த ஆங்கில அரசு கிளம்பியது. முன்னால் நின்றவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன், சென்னையில் அலுமினியப் பாத்திரத் தொழிலை நிலைநிறுத்திய அதிகாரி. அவருடைய முயற்சியில் 1906 வாக்கில் சேலத்தில் ஒரு நெசவுக்கூடம் வந்தது. விசை நாடா, அதாவது கயிற்றை இழுத்தால் தானே குறுக்கே ஓடும் நாடா பொருத்திய தறிகள். நேரத்துக்கு வரணும், நேரத்துக்குப் போகணும், கூலி வாங்கிக்கணும். நெசவாளர்களுக்கு அந்தக் கூடம் பிடிக்கவில்லை. சில ஆண்டுகளில் அது மூடப்பட்டது. ஆனால் விசை நாடா மட்டும் வீட்டுத் தறிகளில் ஏறிப் பரவிவிட்டது.

நெசவாளி புதுமைக்கு எதிரி என்று எழுதிவைத்தவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை. இடுக்கண் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். நாடாவைக் கையால் எறிவதில் நேரம் போகிறது, சரி, அந்த ஒரு உறுப்பை மாற்று. தறி என்னுடையது, இடம் என்னுடையது, நேரம் என்னுடையது; அதையும் சேர்த்துக் கேட்டால் வரமாட்டேன். ஜக்கார்டு வந்ததும் அப்படித்தான். குழியும் மிதியும் அச்சும் இருந்தபடியே இருக்க, பெட்டி மட்டும் தலைமேல் ஏறி உட்கார்ந்தது. எலக்ட்ரானிக் ஜக்கார்டும் அந்தப் பெட்டியின் இடத்துக்குத்தான் வந்தது. ஜக்கார்டு அட்டைதான் கணினியின் தாத்தா என்று ஊர் முழுக்க எழுதுகிறார்கள். எனக்கு அந்த வம்சாவளி முக்கியமில்லை. அந்த ஒழுங்கு முக்கியம்: தடை எங்கே என்று கண்டுபிடி, அந்த உறுப்பை மட்டும் மாற்று, மீதியைத் தொடாதே.

மேசைக் கணினியும் இதே ஒழுங்கில் பிறந்ததுதான். 1995இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அளவுப்படி செய்த பெட்டியில் இன்றைய ஏ.டி.எக்ஸ். மதர்போர்டையும் அதே ஓட்டைகளில் முடுக்கலாம். முப்பது வருடம்! இப்போது அந்த ஒழுங்கைத்தான் அழிக்கிறார்கள். ரேமைப் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கிறார்கள், பேட்டரியைப் பசைபோட்டு ஒட்டுகிறார்கள், சாக்கெட்டைப் பூட்டுகிறார்கள், இயங்குதளத்துக்குச் சாவுத்தேதி குறிக்கிறார்கள். பிறகு முழுசாகத் தூக்கிப் போட்டுவிட்டு முழுசாக வாங்குவதற்கு ‘அப்கிரேடு' என்று பெயரும் வைக்கிறார்கள். 24 கோடிக் கணினிகள் இந்த ஒரு மாற்றத்தால் குப்பைக்குப் போகலாம் என்று 2023இல் கேனலிஸ் ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. எந்த நெசவாளியும் நாடா தேய்ந்ததற்காகத் தறியைக் கொளுத்தியதில்லை.

மூன்றாவது பொய்: வேறு கதி இல்லை

1985இல் வந்த இன்டெல் 386 சிப்புக்கு லினக்ஸ் கர்னல் ஆதரவை நீக்கியது 2012 டிசம்பரில். இருபத்தேழு வருடம். உங்கள் ஆறாம் தலைமுறைக் கணினியை லினக்ஸ் குழந்தையாகத்தான் பார்க்கும்.

லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஒரு பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். கணக்கு வழக்குக்கு லிப்ரே ஆஃபீஸ். தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ். 1999இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகை அதில் உண்டு. இதையெல்லாம் தமிழிலேயே விளக்கி எழுதிவரும் ‘கணியம்' பல வருடமாக இருக்கிறது.

டிசைனுக்கு? இங்கேதான் ஜிம்ப் என்ற இலவச மென்பொருளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லணும். படத்தை இன்டெக்ஸ்டு முறைக்கு மாற்றினால், வண்ணங்களை நீங்கள் சொன்ன எண்ணிக்கைக்குள் அடக்கிவிடும். ஒரு புள்ளி அளவுக்குக் கட்டம் போட்டுக்கொண்டு பென்சில் கருவியால் ஒவ்வொரு புள்ளியாகத் திருத்தலாம், கட்டத்தாளில் செய்வது மாதிரியே. நெசவில் ஒரு சிக்கல் உண்டு: அங்குலத்துக்கு எத்தனை பாவு, எத்தனை ஊடை என்ற எண்ணிக்கை ஒன்றாக இருக்காது. அதனால் திரையில் வட்டமாக இருக்கும் மாங்காய் துணியில் சப்பையாகிவிடும். ஜிம்பில் அகலத்துக்கு ஒரு ரெசொல்யூஷன், உயரத்துக்கு வேறொரு ரெசொல்யூஷன் கொடுத்து, காட்சிப் பட்டியலில் ‘டாட் ஃபார் டாட்' என்பதை எடுத்துவிட்டால், துணியில் எப்படி வருமோ அந்த விகிதத்தில் திரையில் காட்டும். காசு கொடுத்து வாங்கும் டிசைன் மென்பொருள்கள் பெருமையாகச் சொல்லும் வசதிகளில் ஒன்று இது.

ஜிம்ப் நெசவுக்கென்று செய்தது இல்லை. அடிப்படைக் கட்டு, அட்டைக்கோப்பு, இதெல்லாம் அதற்குத் தெரியாது. அதற்காகவே ‘டிஜிபுனாய்' என்று ஒரு திறமூல மென்பொருளை மத்திய மின்னணு அமைச்சகத்தின் கீழ் உள்ள டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் உருவாக்கியிருக்கிறது. ஜக்கார்டுக்கும் டாபிக்கும் டிசைன் செய்ய, நம் வரிப்பணத்தில் எழுதப்பட்டது. எங்கள் ஊரில் எத்தனை பேரிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். கேள்விப்பட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம். புழங்குவதெல்லாம் எங்கிருந்தோ வந்த, பூட்டுடைத்த பழைய மென்பொருள். அதை நிறுவித் தந்த ஆள் நம்பரை மாற்றிவிட்டால் கதை முடிந்தது.

கணினி செத்தால் வேறு வாங்கலாம். உண்மையான ஆபத்து அதற்குள் இருக்கும் டிசைன்களுக்குத்தான். பத்து வருடம் வரைந்த பார்டர்களும் புட்டாக்களும் அந்த ஒரு மென்பொருள் மட்டுமே திறக்கக்கூடிய கோப்பு வடிவத்தில், அந்த ஒரு ஹார்டு டிஸ்கில் கிடக்கின்றன. அட்டையாவது பரணில் கிடக்கும், எலி கடித்தாலும் மிச்சத்தைப் பார்த்து மறுபடி அடிக்கலாம். இது பூட்டோடு போய்விடும். தமிழில் இதை ஒருமுறை அனுபவித்துவிட்டோம். பாமினியிலும் வானவில்லிலும் தட்டி வைத்த ஆவணங்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கிறுக்கலாகத் தெரிந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். யூனிகோடுக்கு மாற்ற மாற்றிகள் எழுதப்பட்டதால் தப்பித்தோம். உங்கள் மயிலுக்கு யார் மாற்றி எழுதப்போகிறார்கள்?

எனவே எந்த மென்பொருளை வைத்து வரைந்தாலும், முடித்த ஒவ்வொரு டிசைனையும் பிஎம்பி அல்லது பிஎன்ஜி படமாகவும் ஏற்றுமதி செய்து வையுங்கள். முப்பது வருடம் கழித்தும் எதிலும் திறக்கும். இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். பழைய மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும் என்றால், அந்த விண்டோஸ் 10 கணினியை இணையத்திலிருந்து முற்றிலும் பிரித்து, தறிக்கருவி மாதிரி தனியாக வைத்துக்கொள்ளுங்கள். திருத்தம் நின்றுபோன விண்டோஸில் வங்கி வேலையும் மின்னஞ்சலும் பார்ப்பது ஆபத்து. அதில் மைக்ரோசாஃப்ட் சொல்வது சரி.

அரசாங்கம் எங்கே போனது?

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு நல்ல தொடக்கம் இருந்தது. 2007 வாக்கில் எல்காட் மேலாண் இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், தன் நிறுவனத்தின் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். அதே காலத்தில் சென்னை சி-டாக்கில் ‘பாஸ்' லினக்ஸ் உருவானது. 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸையும் சேர்த்தே கொடுத்தார்கள். கொடுத்தார்கள், அவ்வளவுதான். பாடத்தில் இல்லை, சொல்லித்தர ஆள் இல்லை. பையன்கள் முதல் வாரத்திலேயே அதை அழித்துவிட்டுப் படம் ஏற்றிக்கொண்டார்கள். பையன்களைக் குறை சொல்லி என்ன பயன்?

பக்கத்தில் கேரளம். பள்ளிக்கூடங்களில் லினக்ஸை வைத்தே பாடம் நடத்தி, ஆசிரியர்களைப் பயிற்றுவித்து, 2019இல் ‘கைட்' நிறுவனம் உபுண்டு 18.04 அடிப்படையில் பள்ளிகளுக்கென்றே ஒரு பதிப்பை வெளியிட்டது. இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கணினிகள். உரிமக் கட்டணத்தில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்றார்கள். அந்தத் தொகையைக் கூட்டிக் குறைத்துப் பேசலாம். பழக்கப்பட்ட ஆசிரியர்களின் மதிப்பைக் குறைக்கமுடியாது.

2025-26 வரவுசெலவுத் திட்டத்தில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கணினி என்று தமிழ்நாடு அறிவித்தது. வரவேற்கிறேன், என் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது முதல் கணினி. ஆனால் இந்த அளவுக்கு வாங்குகிற கைக்கு நிபந்தனை போடும் பலம் உண்டு. ரேம் கழற்றி மாட்டும்படி இருக்கணும். எஸ்எஸ்டியும் பேட்டரியும் சாதாரண ஸ்க்ரூடிரைவரால் மாற்றமுடியணும். உதிரிபாகம் ஏழு வருடம் கிடைக்கணும். ஒவ்வொரு ஐ.டி.ஐ.யிலும் இந்தக் கணினியைத் திறந்து மூடச் சொல்லித்தரணும். எங்கள் பக்கத்து வீடுகளில் 2011க்குப் பிறகு வந்த அந்த மடிக்கணினிகள் இன்னும் பீரோ மேலே இருக்கின்றன. பாதிக்குமேல் செத்த காரணம் பேட்டரி அல்லது ஹார்டு டிஸ்க். ஆயிரம் இரண்டாயிரத்தில் எழுந்திருக்கும். எழுப்பலாம் என்று யாரும் சொல்லவில்லை.

மறுப்புகளுக்கு

"லினக்ஸ் கஷ்டம்." பிரிண்டர் ஏறவில்லை, ஸ்கேனர் தெரியவில்லை என்றால் கஷ்டம்தான். மாறுவதற்கு முன் பென்டிரைவில் ஓட்டி, உங்கள் பிரிண்டர் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் மாறாதீர்கள். லினக்ஸ் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை: கடை வைத்திருக்கிற அண்ணன் "பிரிண்ட் வரல தம்பி" என்று கேட்டால் சுதந்திர மென்பொருளின் தத்துவத்தை எடுக்காதீர்கள். பிரிண்டரைச் சரிசெய்து கொடுங்கள்.

"பழைய கணினி கரண்டு இழுக்கும்." கொஞ்சம் இழுக்கும். அந்த வித்தியாசத்தில் நாற்பதாயிரத்தைத் திரும்ப எடுக்க எத்தனை வருடம் ஆகும் என்று உங்கள் மின்கட்டண அட்டையை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிறகு பேசலாம்.

"அப்போ புதுசே வாங்கக் கூடாதா?" வாங்குங்கள். வீடியோ வெட்டுகிறவருக்கு, பெரிய முப்பரிமாண வேலை செய்கிறவருக்கு, மதர்போர்டே உப்பிப்போனவருக்குப் புதுசு தேவைதான். நான் கேட்பது, காசை நீட்டுவதற்கு முன் கடைக்காரரிடம் மூன்று கேள்வி. இப்போது இந்தக் கணினியில் எந்த உறுப்பு தடையாக இருக்கிறது? அந்த உறுப்பை மட்டும் மாற்ற எவ்வளவு ஆகும்? புதிதாக வாங்குவதில் நாளைக்கு எந்தெந்த உறுப்பை நானே மாற்றமுடியும்? பதில் சொல்லத் தெரிந்த கடையில் வாங்குங்கள். "எல்லாமே பழசு சார்" என்று மட்டும் பதில் வந்தால், கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். அதில் நாற்பது கேபி வேலை இன்னும் நிறைய பாக்கி இருக்கிறது.